நாற்பத்து மூன்று லட்சம் படகுகள்

2016 மே மாதம் 'ஸீ ஹீரோ குவெஸ்ட்' என்றொரு கைபேசி விளையாட்டு வெளிவந்தது. இலவசமாகவே கிடைத்தது. அதில் துப்பாக்கி இல்லை, வீழ்த்த வேண்டிய எதிரி இல்லை. பனிப்பாறைகளுக்கு நடுவிலும் சதுப்புக் காடுகளின் ஓடைகளிலும் ஒரு சிறு படகை ஓட்டிச் செல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கதையும் எளியதுதான். தந்தை ஒரு காலத்தில் பெரிய கடலோடி. கண்ட இடங்களையும் விசித்திர உயிரினங்களையும் தன் குறிப்பேட்டில் வரைந்து வைத்தவர். முதுமையில் அந்த நினைவுகள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போகின்றன. அவர் போன வழிகளிலேயே மகன் மறுபடி பயணம் செய்து, இழந்ததை மீட்டு வரக் கிளம்புகிறான். விளையாடுபவர்தான் அந்த மகன்.

ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் திரையில் ஒரு வரைபடம் வரும். படகு நிற்கும் இடமும், எந்த வரிசையில் எந்த மிதவையைத் தொட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மூடிய பிறகு வரைபடம் கிடையாது. கண்ணெதிரே தண்ணீரும் கரையும் திருப்பங்களும் மட்டும். முதல் மிதவை எளிதாகக் கிடைத்துவிடும். இரண்டாவதைத் தேடும்போது, இந்தப் பாறையைக் கடந்து வலப்பக்கமா இடப்பக்கமா என்ற ஐயம் எழும். வேறு சில கட்டங்களில் வளைந்து நெளிந்து ஓடும் கால்வாயில் போய், அங்கே நின்றபடி, புறப்பட்ட இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கணித்து ஒளிவாணத்தைச் சுட வேண்டும். வரைபடத்தை மனத்தில் வைத்து வழி தேடுவது ஒரு திறன். வந்த வழியைக் கணக்கில் வைத்து வீட்டின் திசையைச் சொல்வது வேறொரு திறன். இரண்டையும் தனித்தனியே அளக்கும்படி இந்த விளையாட்டை வடிவமைத்திருந்தார்கள்.

ஆம், அளப்பதற்காகவே. விளையாடுபவர் சம்மதித்தால், படகு நிற்கும் இடத்தைக் கைபேசி ஒரு நொடிக்கு இரண்டு முறை பதிவு செய்யும். அவருடைய வயது, பாலினம், நாடு ஆகியவற்றோடு சேர்ந்து அந்தத் தடம் பெயரில்லாமல் ஆய்வாளர்களிடம் போய்ச் சேரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹியூகோ ஸ்பியர்ஸ், கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹார்ன்பெர்கர் ஆகிய இரு நரம்பியல் ஆய்வாளர்கள் இந்த முயற்சியை வழிநடத்தினார்கள். விளையாட்டை உருவாக்கியது லண்டனைச் சேர்ந்த கிளிட்சர்ஸ் என்ற சிறு நிறுவனம். பணம் தந்தது ஜெர்மனியின் தொலைபேசி நிறுவனமான டாய்ச்ச டெலிகாம். பிரிட்டனின் அல்சைமர் ஆய்வு அறக்கட்டளையும் கைகோத்தது.

விளையாடியவர்கள் 43 லட்சம் பேருக்கும் மேல். அவர்கள் ஆடிய நேரத்தைக் கூட்டினால் 117 ஆண்டுகள். ஒரு மனிதரை ஆய்வகத்துக்கு வரவழைத்து, ஒப்புதல் வாங்கி, சோதனை நடத்தி, பதிவு செய்து முடிக்க ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால், இந்த விளையாட்டின் இரண்டு நிமிடம் ஐந்து மணி நேர ஆய்வக உழைப்புக்குச் சமம் என்று அதை உருவாக்கியவர்கள் கணக்குச் சொன்னார்கள். விளம்பரத்துக்காகச் சொன்ன கணக்கு என்று வைத்துக்கொண்டாலும் அதற்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அதுவரை வழியறியும் திறன் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சில பத்துப் பேரை, மிஞ்சினால் சில நூறு பேரை வைத்தே நடந்து வந்தன.

மறதியைப் பற்றிய ஆய்வுக்குப் படகோட்டம் எதற்கு? இந்த அத்தியாயத்தின் மையமே அந்தக் கேள்விதான்.

டிமென்ஷியா என்பது ஒரே ஒரு நோயல்ல. நினைவு, பேச்சு, திசையறிவு, முடிவெடுக்கும் ஆற்றல் ஆகியவை படிப்படியாகச் சிதைந்து, அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாமல் போகும் நிலை அது. அந்த நிலைக்குக் கொண்டுபோகும் நோய்களில் அல்சைமர் முதலிடத்தில் இருக்கிறது. டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அதுவே காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள்.

இந்த நோய் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருவது பெயர் மறப்பது, சாப்பிட்டதை மறப்பது, பிள்ளைகளின் முகம் மறப்பது. ஆனால் அல்சைமர் நோய் மூளையைத் தாக்கத் தொடங்கும் இடம் வேறு. ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஹைக்கோ பிராக்கும் ஏவா பிராக்கும் இறந்தவர்களின் மூளைகளை வரிசையாக ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாக்கியது. நோயின் அடையாளமான டௌ புரத முடிச்சுகள் முதன்முதலில் தலைகாட்டும் பகுதிகளில் ஒன்று என்டோரைனல் புறணி. காதுக்கு உட்புறம், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் சிறு பரப்பு அது. அங்கிருந்து அவை பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போகாம்பஸுக்குப் பரவுகின்றன. வெளியே யாருக்கும் எதுவும் தெரியாத காலத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பே, இது நடக்கத் தொடங்கிவிடுகிறது.

அந்த இரண்டு பகுதிகளும்தான் நமக்கு வழிகாட்டுபவை. ஜான் ஓகீஃப் 1971இல் எலியின் ஹிப்போகாம்பஸில் வியப்பான செல்களைக் கண்டார். அறையின் ஒரு குறிப்பிட்ட மூலைக்கு எலி வரும்போது மட்டும் ஒரு செல் துடிக்கும். வேறொரு மூலைக்குப் போனால் வேறொரு செல். 2005இல் நார்வேயின் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும், என்டோரைனல் புறணியில் இடைவெளி தவறாமல் அறுகோண வரிசையில் துடிக்கும் கட்டச் செல்களைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்ற கணக்கு அங்கேதான் நடக்கிறது. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் தினமும் யோசிக்காமலே கடைக்குப் போய் வீடு திரும்புகிறோமே, அதற்குப் பின்னால் இந்தச் செல்களின் இடையறாத உழைப்பு இருக்கிறது. அல்சைமர் முதலில் கைவைப்பது அங்கேதான்.

அதனால்தான் இந்த நோய் வந்த பலர், பேத்தியின் பெயரை மறப்பதற்கு முன்பே பழகிய தெருவில் திகைத்து நிற்கிறார்கள். முப்பது ஆண்டுகள் நடந்த சாலையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. வெட்கத்தால் யாரிடமும் சொல்வதில்லை. "வெயிலில் தலைசுற்றியது" என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார்கள். வீட்டாரும் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் பத்தில் ஆறு பேர் ஒரு முறையாவது வழி தவறி அலைவார்கள் என்கிறது அமெரிக்க அல்சைமர் சங்கம். மருத்துவமனைச் சோதனைகளோ பெரும்பாலும் சொற்களை நம்பியே இருக்கின்றன. இன்று என்ன தேதி, மூன்று பொருள்களின் பெயர்களைச் சொல்கிறேன், திரும்பச் சொல்லுங்கள் என்ற வகைக் கேள்விகள். 1975இல் அமெரிக்காவில் உருவாகி உலகமெங்கும் பரவிய சிறு மனநிலைச் சோதனை அப்படிப்பட்டது. பள்ளிக்கூடம் போகாத ஒருவர் நல்ல மூளையோடு இருந்தும் அதில் தடுமாறலாம். நிறையப் படித்தவர் நோய் இருந்தும் தேறிவிடலாம். படகுக்கு எழுத்தறிவு தேவையில்லை.

வீடியோ விளையாட்டை மூளை ஆய்வுக்குப் பயன்படுத்தும் யோசனை ஸ்பியர்ஸுக்கு 2016இல் திடீரென்று வந்ததல்ல. அவர் லண்டனில் எலினர் மக்வயருடன் வேலை பார்த்தவர். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதி உரிமம் பெறுகிறார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை 2000இல் காட்டியவர் மக்வயர். அதன் பிறகு இருவரும் ஓட்டுநர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, லண்டன் தெருக்களை அச்சு அசலாகக் கொண்ட 'தி கெட்அவே' என்ற பிளேஸ்டேஷன் விளையாட்டில் வண்டி ஓட்டச் சொன்னார்கள். கடைகளில் விற்ற அந்தக் குற்றக்கதை விளையாட்டு, மூளை எப்போது வழியைத் திட்டமிடுகிறது, எப்போது வழி மாறியதை உணர்கிறது என்பதைக் காட்டும் கருவியானது. பத்தாண்டு கழித்து அதே எண்ணம் உலகத்தின் கைக்குப் போனது.

உலகம் ஓட்டிய படகுகள் என்ன சொல்லின?

முதல் பெரிய முடிவுகள் 2018இல் வந்தன. 57 நாடுகளைச் சேர்ந்த 5,58,143 பேரின் தடங்களை ஆன்ட்வான் குட்ரோவும் ஸ்பியர்ஸும் அவர்களுடைய குழுவினரும் அலசினார்கள். கைபேசி விளையாட்டில் பழகியவர் வேகமாக ஆடுவார், தாத்தா தடுமாறுவார், அதை எப்படி நோயோடு குழப்பாமல் இருப்பது? இதற்கு அவர்கள் அழகான வழி வைத்திருந்தார்கள். முதல் கட்டங்களில் சேர வேண்டிய இடம் கண்ணுக்கு நேரே தெரியும். அங்கே வழி தேட வேண்டிய தேவையே இல்லை, விரலின் பழக்கம் மட்டும்தான். அந்த அளவை வைத்துப் பிந்தைய கட்டங்களின் மதிப்பைச் சரிசெய்தார்கள். லண்டன், பாரிஸ் தெருக்களில் உண்மையிலேயே நடந்து வழி கண்டுபிடித்தவர்களின் திறனும் விளையாட்டில் அவர்கள் காட்டிய திறனும் ஒத்துப்போவதைப் பின்னர் தனியாகச் சோதித்துக் காட்டினார்கள்.

வழியறியும் திறன் முதுமையில் திடீரென்று விழுவதில்லை, இளமை முடிவதற்குள்ளேயே மெல்ல இறங்கத் தொடங்கிவிடுகிறது என்று தெரிந்தது. நாட்டின் செல்வநிலைக்கும் அந்நாட்டு மக்களின் சராசரித் திறனுக்கும் தொடர்பு இருந்தது. ஆண்கள் சராசரியில் சற்று முன்னே இருந்தார்கள். அந்த இடைவெளி எல்லா நாட்டிலும் ஒரே அளவாக இல்லை. பெண்களுக்குச் சமவாய்ப்பு கூடுதலாக இருக்கும் நாடுகளில் இடைவெளி குறைவு, சமவாய்ப்பு குறைந்த நாடுகளில் அதிகம். பெண்ணுக்குத் திசை தெரியாது என்று காலங்காலமாகச் சொல்லி வந்ததில் இயற்கையின் பங்கைவிட, அவளைத் தனியாக வெளியே விடாத சமூகத்தின் பங்கு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு இது வலுவான சான்று. எனக்கு இந்த முடிவு மிக முக்கியமானதாகப் படுகிறது. பெண்களிடம் டிமென்ஷியா கூடுதலாகக் காணப்படும் நிலையில், அவர்களுக்கான நோயறிதல் அளவுகோல் அவர்களுடைய வாழ்க்கையை அறிந்ததாக இருக்க வேண்டும்.

2022இல் வந்த இன்னொரு முடிவும் அதே திசையில்தான் போகிறது. 38 நாடுகளைச் சேர்ந்த 3,97,162 பேர் எந்த மாதிரி ஊரில் வளர்ந்தார்கள் என்று பார்த்தபோது, கிராமப்புறத்தில் வளர்ந்தவர்கள் பொதுவாக நன்றாக வழி கண்டார்கள். சிகாகோ போல நேர்கோட்டுத் தெருக்கள் குறுக்கும் நெடுக்கும் கட்டம்கட்டி ஓடும் நகரங்களில் வளர்ந்தவர்கள் பின்தங்கினார்கள். பிராக் போல வளைந்து வளைந்து வளர்ந்த பழைய நகரத்தவர்களிடம் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. சிறு வயதில் மூளை எதில் பழகியதோ அதன் தடம் ஐம்பது வயதிலும் இருக்கிறது.  

இவையெல்லாம் நலமாக இருப்பவர்களைப் பற்றிய செய்திகள், நோயைப் பற்றி என்ன என்று கேட்கலாம். நோயைக் கண்டுபிடிக்க முதலில் நலத்தின் அளவு தெரிய வேண்டும். 62 வயதில், கிராமத்தில் வளர்ந்த, கல்லூரி போகாத ஒரு பெண் இந்த ஓடையில் எவ்வளவு தூரம் சுற்றுவது இயல்பு என்று தெரிந்தால்தான், இன்னொரு பெண் அதைவிடக் கூடுதலாகச் சுற்றுகிறாள் என்று சொல்ல முடியும். உயரமும் எடையும் குறிக்கும் வளர்ச்சி அட்டை இருப்பதால்தானே குழந்தை மெலிவதைச் செவிலியர் கண்டுகொள்கிறார். அப்படி ஓர் அட்டையைத் திசையறிவுக்குத் தயாரித்துக் கொடுத்தவர்கள் அந்த 43 லட்சம் பேர்.

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு செய்த சோதனை 2019இல் வெளியானது. ஏபிஓஈ என்ற மரபணுவின் நான்காம் வகையைத் தாங்கியவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். நோய் நிச்சயம் வரும் என்று அதற்குப் பொருளல்ல. ஜில்லியன் காஃப்லனும் ஹார்ன்பெர்கரும் அவர்களுடைய குழுவினரும் மரபணுச் சோதனை செய்துகொண்ட 60 பேரை விளையாட வைத்தார்கள். 31 பேர் அந்த வகையைத் தாங்கியவர்கள், 29 பேர் தாங்காதவர்கள். எல்லாரும் நலமாக இருப்பவர்கள். நினைவுக் குறை என்று யாரும் சொல்லவில்லை. வழக்கமான நினைவுச் சோதனையில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. படகில் தெரிந்தது. அந்த வகையைத் தாங்கியவர்கள் கூடுதலாகச் சுற்றிப் போனார்கள், திறந்த நடுநீரைத் தவிர்த்துக் கரையை ஒட்டியே படகைச் செலுத்தினார்கள். இதே வயது வரம்பில் பிரிட்டனில் விளையாடிய 27,108 பேரின் தடங்களே ஒப்பீட்டுக்கு அடிப்படை.

கரையை ஒட்டிப் போவது என்ற அந்த ஒரு நடத்தையை நினைத்துப் பார்க்கிறேன். 2015இல் ஜெர்மனியில் லூக்காஸ் குன்ஸும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்விலும் அதுவே தென்பட்டது. இளம் வயதினர், அந்த மரபணு வகையைத் தாங்கியவர்கள். ஸ்கேனில் அவர்களுடைய கட்டச் செல் துடிப்பு வலுவிழந்து காணப்பட்டது. கணினியில் உருவாக்கிய மைதானத்தில் அவர்கள் நடுப்பகுதியைத் தவிர்த்து ஓரமாகவே நடந்தார்கள். உள்ளிருக்கும் வரைபடம் மங்கும்போது மனிதர் வெளியிலிருக்கும் ஓரத்தைப் பற்றிக்கொள்கிறார். அவருக்கே அது தெரியாது. இந்த அளவு நுணுக்கமான ஒன்றைக் கேள்வி கேட்டு யாரிடமிருந்தும் பெற முடியாது. ஆட விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எச்சரிக்கையும் தேவை. 60 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இரு குழுக்களின் சராசரிக்கு இடையே வேறுபாடு இருப்பது வேறு, ஒரு தனி மனிதரைப் பார்த்து உனக்கு நோய் வரும் என்று சொல்வது வேறு. விளையாடியவர்கள் எல்லாரும் கைபேசி வைத்திருந்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள். எழுபது வயதில் கைபேசியில் படகோட்டும் ஒருவர் தன் வயதினர் அனைவருக்கும் பிரதிநிதி ஆகமாட்டார். வயதையும் அவரவர் சொன்னபடியேதான் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் இவற்றை மறைக்கவில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. ஒருவர் படகோட்டிய தடம் அவருடைய மூளையின் நிலையைச் சொல்லும் என்றால், அந்தத் தடம் மருத்துவக் குறிப்பேடு போன்றதுதான். 'ஸீ ஹீரோ குவெஸ்ட்' தரவுகள் பெயரில்லாமல், ஜெர்மனியில் பாதுகாப்பாகச் சேமிக்கப்பட்டன. சம்மதித்தவர்களிடமிருந்து மட்டுமே பெறப்பட்டன. நாம் அன்றாடம் ஆடும் பிற விளையாட்டுகளும், பயன்படுத்தும் வழிகாட்டிச் செயலிகளும் அப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உறுதி கிடையாது. காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இத்தகைய தடம் போனால் என்ன ஆகும் என்பதை இப்போதே கேட்டு, சட்டமாக எழுதிவைக்க வேண்டும்.

விளையாட்டு வியாபாரத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் படகு வெளிவருவதற்கு நான்கு மாதம் முன்னால், 2016 ஜனவரியில், 'லுமோசிட்டி' என்ற மூளைப் பயிற்சி விளையாட்டை விற்ற நிறுவனம் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. எங்கள் விளையாட்டுகளை ஆடினால் முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்ற வகையில் அது விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்பது குற்றச்சாட்டு. மூளைப் பயிற்சியால் எதுவுமே ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவில் 2,800க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து 1998இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பார்வை வேகத்தைக் கூட்டும் ஒரு குறிப்பிட்ட கணினிப் பயிற்சிக்குப் பலன் இருக்கலாம் என்ற அறிகுறிகள் கிடைத்தன. நினைவுப் பயிற்சிக்கு அப்படிக் கிடைக்கவில்லை. எந்தப் பயிற்சி, யாருக்கு, எவ்வளவு காலம் என்று பார்த்துப் பேச வேண்டிய செய்தியைப் பயத்தை முதலாக வைத்து விற்பது தவறு. அம்மாவுக்கு மறதி வந்துவிடுமோ என்று அஞ்சும் பிள்ளையிடம் மாதச் சந்தா வாங்குவது எளிது. படகு விளையாட்டு அப்படி எதையும் வாக்களிக்கவில்லை. ஆடினால் உங்களுக்கு நல்லது என்று அது சொல்லவில்லை. உங்கள் ஆட்டம் இன்னொருவருக்கு உதவும் என்றது. அந்த நேர்மைக்காகவே அதை மதிக்கிறேன்.

விழிப்புணர்வு என்று பேசும்போது, அளக்கும் விளையாட்டுகளோடு உணரவைக்கும் விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014இல் வந்த 'ஈதர் ஒன்' டிமென்ஷியா உள்ள ஒரு பெண்ணின் மனத்துக்குள் நுழைந்து அவருடைய நினைவுகளைத் தேடச் செய்தது. 2016இல் பிரிட்டனின் அல்சைமர் ஆய்வு அறக்கட்டளை மெய்நிகர் காட்சிகள் கொண்ட செயலி ஒன்றை வெளியிட்டது. கடையில் சாமான் வாங்குவது, தெருவில் நடந்து வீடு திரும்புவது, வீட்டில் தேநீர் போடுவது என்ற மூன்று சாதாரண வேலைகளை நோயுள்ளவரின் கண் வழியே காட்டியது. அட்டைப்பெட்டியால் ஆன மலிவான கண்ணாடியில் கைபேசியைச் செருகிப் பார்த்துவிடலாம்.

இவற்றில் என்னை அதிகம் தொட்டது 'பிஃபோர் ஐ ஃபர்கெட்'. 2020இல் பிரிட்டனைச் சேர்ந்த செல்லா ரமணன், கிளேர் மோர்வுட் ஆகிய இருவர் மனநல மருத்துவர்களின் ஆலோசனையோடு உருவாக்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நாயகியின் பெயர் சுனிதா. இந்திய வழிவந்தவர், புகழ்பெற்ற வானியல் அறிவியலாளர், வயதாவதற்கு முன்பே டிமென்ஷியா வந்தவர். தன் வீட்டில்தான் இருக்கிறார். வீடு நிறமில்லாமல் வெளிறிக் கிடக்கிறது. ஒரு பொருளைத் தொட்டு நினைவு திரும்பும்போது அந்த இடத்தில் நிறம் பரவுகிறது. ஒரு கட்டத்தில் அவருக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும். விளையாடுபவர் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறார். திறந்த கதவெல்லாம் அலமாரியில் முடிகிறது. மறுபடி நடைகூடம், மறுபடி கதவு, மறுபடி அதே அலமாரி. நேரம் கடந்துவிடுகிறது.

பிரபஞ்சத்தின் அமைப்பை ஆராய்ந்த மூளைக்குத் தன் வீட்டின் ஒரு கதவு தெரியவில்லை. வீட்டில் முதியவர் ஆடையை ஈரமாக்கிக்கொள்ளும்போது எரிச்சலில் கத்திவிடும் எவரும் அந்தச் சில நிமிடங்களை ஆடிப் பார்க்க வேண்டும். பிடிவாதம், சோம்பல், வேண்டுமென்றே செய்வது என்று நாம் வைக்கும் பெயர்களெல்லாம் அங்கே உதிர்ந்துபோகும். துண்டறிக்கை படிப்பவர் நோயை வெளியிலிருந்து பார்க்கிறார். கதவைத் திறப்பது தன் விரலாகவே இருக்கும்போது அந்தத் திகைப்பு தனதாகிவிடுகிறது. திரைப்படத்தால்கூட இதைச் செய்ய முடியாது. திரைப்படத்தில் கதவைத் திறப்பவர் வேறொருவர்.

அதே 2020இல் கனடாவின் தண்டர் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பிரிட்ஃபேரர்' பராமரிப்பவரின் பக்கத்திலிருந்து பேசுகிறது. இறந்தவர்களைப் படகில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுசெல்லும் ஸ்டெல்லா என்ற பெண்ணாக நாம் ஆடுகிறோம். ஆலிஸ் என்ற முள்ளெலிப் பாட்டியும் அந்தப் படகில் வருகிறார். முதலில் கலகலப்பானவர். நாளடைவில் தானாக நடக்க முடியாமல், கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவராகிறார். பிறகு ஸ்டெல்லாவைத் தன் மகள் என்று நினைத்துப் பேசத் தொடங்குகிறார். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் தினமும் சந்திக்கும் தருணம் இது. திருத்துவதா, ஆமாம் என்று சொல்வதா? விளையாட்டு போதனை செய்யவில்லை. பாட்டியின் நடைக்கு ஏற்ப மெதுவாக நடக்க வைக்கிறது.

இவற்றை ஆடுபவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். அதில் ஒரு நன்மை இருக்கிறது. தாத்தா தெருமுனையில் தடுமாறி நிற்பதை முதலில் பார்ப்பது பல வீடுகளில் பேரப்பிள்ளைகள்தான்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், பள்ளி செல்லாதவர்களிடமும் இது கூடுதல். சொல்லை நம்பும் சோதனைகள் சரியாக எட்டாத மக்கள் இவர்கள்தாம். நம் முதியவர்களை அளப்பதற்கு நம் ஊர் வாழ்க்கையை அறிந்த, எழுத்தறிவு கேட்காத விளையாட்டு ஒன்று வேண்டும். அதைச் செய்யக்கூடிய கணினிப் பொறியாளர்களும் நரம்பியல் மருத்துவர்களும் இங்கே குறைவில்லை.

'ஸீ ஹீரோ குவெஸ்ட்' இப்போது பொதுமக்களுக்கான செயலிக் கடைகளில் கிடைப்பதில்லை. ஆய்வாளர்கள் தங்கள் பங்கேற்பாளர்களைக் கொண்டு ஆடவைக்கும் பதிப்பு மட்டும் பயன்பாட்டில் இருக்கிறது. சேர்ந்த தரவுகளிலிருந்து கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. நோயின் போக்கை ஓரளவு மட்டுப்படுத்தும் லெகானெமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023இல் ஒப்புதல் தந்தது. அதையும் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். மருந்து கிடைக்காவிட்டாலும், முன்கூட்டியே தெரிந்தால் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைக்கலாம், காது கேட்கும் கருவி வாங்கித் தரலாம், பணம் சொத்து விவகாரங்களை அவர் தெளிவாக இருக்கும்போதே அவரைக் கேட்டு முடிவு செய்யலாம். ஆகவே வீட்டில் பெரியவர் ஒருவர் பழகிய வழியில் ஒருமுறைக்கு இருமுறை தடுமாறினால், வயதாகிவிட்டது என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். கடிந்துகொள்ளாமல் கூட உட்கார்ந்து கேளுங்கள். அந்த வாரத்திலேயே நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.